ஆற்றுக்கு உரிய பங்கு

கேரள மாநிலத்தில் ஓடும் 44 ஆறுகளுள் தென்கோடியில் இருப்பது நெய்யாறு. பொதிகை என்று நாம் போற்றும் அகத்தியமலையில், 1,868 மீட்டர் உயரமுள்ள சிகரத்தை ஒட்டிய சரிவுகளில் அது தோன்றுகின்றது. அங்கிருந்து 56 கிலோமீட்டர் தூரமே ஓடிப் பூவாறு என்னும் ஊரருகே அரபிக் கடலில் கலந்துவிடுகின்றது. கங்கைக் கரையிலும் யமுனைக் கரையிலும் நருமதைக் கரையிலும் இன்று குடியேறி வாழும் நம்மவர்க்கு இஃது ஒரு வாய்க்காலாகவே தோன்றக்கூடும். ஆயினும் சிற்றாறுகளால் ஒரு நன்மை உண்டு. மலை, காடு, அணை, நகரம், வயல், மணல், கழி, கடல் ஆகிய யாவற்றையும் ஒரே நாளில் கண்டுவிடலாம். பேராறுகளுக்கு நேர்ந்துவரும் இன்னல்கள் என்ன, அவற்றுக்குப் பரிகாரம் யாது என்பதை இத்தகைய சிற்றாறு ஒன்றைக் கொண்டே தெளிவாக அறிந்துகொள்ளலாம்.

நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைச் சூழ்ந்துள்ள எல்லைப்புறக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொள்கின்றன. அக்கிராமங்களுள் ஒன்று காஞ்சிரங்குளம். காஞ்சிரம் என்பது எட்டி மரம். அதனோடு ஒரு குளமும் சேர்ந்து ஊர்ப்பெயராகி நிற்கின்றது. ஆறு கடலோடு சேரும் பூவாறு இவ்வூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அடுத்துள்ள விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அணையும் ஆறும் ஒரு மாநிலத்தில். அதன் இடதுகரைக் கால்வாயை நம்பிய வயல்களில் ஒரு பகுதி மற்றொரு மாநிலத்தில். இப்பகுதியிலிருந்து பிழைப்பை நாடி வெளியேறித் தில்லியிலும் பம்பாயிலும் வாழ்வோர் பலர். அவர்கள் ஊரில் விட்டுவந்த ஆறு இப்போது எந்நிலையில் இருக்கின்றது, அதில் வாழ்ந்த உயிர்கள் என்ன ஆயின, அவற்றை மீண்டும் வாழவைக்க வழி உண்டா என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

ஆற்றின் நான்கு உறுப்புகள்

ஆறு என்றவுடன் நாம் தண்ணீரை மட்டுமே நினைக்கின்றோம். எத்தனை கன அடி வந்தது, எத்தனை ஏக்கர் விளைந்தது என்று கணக்கிடுகின்றோம். ஆற்றில் வாழும் பிராணிகளோ வேறு கணக்கை உடையவை. அவற்றுக்கு ஆறு என்பது நான்கு உறுப்புகள் கொண்டது.

முதலாவது, பாயும் நீர். அது பருவத்துக்கேற்பப் பெருகவும் வேண்டும், சுருங்கவும் வேண்டும். புதுவெள்ளம் வந்த குறிப்பை அறிந்தே பல மீன்கள் முட்டையிடப் புறப்படுகின்றன. விலாங்கு கடலிற் பிறந்து, ஆற்றுவழியே மேலேறி வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் மீண்டும் கடலுக்குச் செல்வது. நீரோட்டம் இடையில் அறுந்தால் அதன் பயணமும் அறுந்துபோகும்.

இரண்டாவது, ஆழ்ந்த கயங்கள். கோடையில் ஆறு நூலாக இளைக்கும்போது மீன்களும் ஆமைகளும் உயிர் பிழைத்திருப்பது இந்தப் பள்ளங்களிலேதான். நெய்யாற்றங்கரையில் உள்ள அருவிப்புறத்தில் 1888ஆம் ஆண்டு சிவராத்திரியன்று ஸ்ரீ நாராயண குரு சிவப் பிரதிஷ்டை செய்த வரலாற்றை நேயர்கள் பலரும் அறிந்திருப்பர். அதற்குரிய கல்லை அவர் ஆற்றில் மூழ்கி எடுத்த இடம் சங்கரன்குழி என்று வழங்குகின்றது. பெயர் பெற்ற குழிகளும் கயங்களும் நம் ஆறுகள் அனைத்திலும் இருந்தன. கரையோரத்து மக்கள் அவற்றின் ஆழத்தையும் சுழலையும் நன்கு அறிந்திருந்தனர்.

மூன்றாவது, மணல். ஆமையும் முதலையும் முட்டையிடுவதற்கு வெள்ளம் எட்டாத மேட்டுமண்ணும் மணலும் தேவை. மணலுக்குள் வாழும் புழுக்களையும் சிறு நத்தைகளையும் நம்பி மீன்குஞ்சுகள் வளர்கின்றன. மழைநீரை உறிஞ்சி வைத்துக் கோடையில் மெல்லக் கசியவிடுவதும் மணலே.

நான்காவது, கரையும் கரைமரங்களும். மூங்கில், புன்னை, புங்கு, நீர்மருது, தாழை ஆகியவற்றின் வேர்கள் கரையைப் பிடித்து நிறுத்துகின்றன. அவற்றின் நிழல் நீரைக் குளிர்விக்கின்றது. உதிர்ந்த இலைகள் நீர்ப்பூச்சிகளுக்கு உணவாகின்றன. மரவேர்களின் இடையிலும் கரைப் பொந்துகளிலும் நீர்நாய் தன் குட்டிகளை ஈன்று வளர்க்கின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஆறுகளில் குடும்பம் குடும்பமாக நீந்தித் திரியும் இப்பிராணி, அழிவுக்கு இலக்காகக்கூடிய இனங்களின் உலகப் பட்டியலில் இன்று இடம்பெற்றுவிட்டது.

இந்நான்கில் ஒன்று கெட்டாலும் மற்ற மூன்றும் கெடும். ஆதலின், விலங்குகளின் பொருட்டு ஆற்றைச் சீர்ப்படுத்துவது என்பது இந்நான்கையும் ஒருங்கே சீர்ப்படுத்துவதாகும்.

மணல் போன வழி

1958ஆம் ஆண்டில் நெய்யாற்றின் குறுக்கே அணை எழுந்தது. அவ்வாண்டிலேயே அணையைச் சூழ்ந்த காடுகள் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. 128 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அச்சரணாலயத்தில் யானையும், காட்டெருதும், சிங்கவால் குரங்கும் வாழ்கின்றன. அணையால் விளைந்த பயனை எவரும் மறுப்பதற்கில்லை. இரு கரைக் கால்வாய்களும் வறண்ட நிலங்களை வயல்களாக்கின. எனினும் அணை தடுத்தது நீரை மட்டுமன்று. மலையிலிருந்து வெள்ளத்தோடு உருண்டுவரும் மணலும் கூழாங்கற்களும் நீர்த்தேக்கத்தின் அடியிலே தங்கிவிடுகின்றன. அணைக்குக் கீழே செல்லும் நீர் மணலற்ற நீராய்ச் செல்கின்றது. அந்நீருக்குப் பசி அதிகம். தான் இழந்த மணலை ஆற்றின் படுகையிலிருந்தும் கரையிலிருந்தும் அரித்து எடுத்துக்கொள்ளும்.

இவ்வாறு வரவு குறைந்த காலத்திலேயே செலவு பெருகிற்று. ஊர்தோறும் கான்கிரீட் வீடுகள் எழுந்தன. நெய்யாற்றின் இடைப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் பல ஆண்டுகள் மணல் மிகுதியாக வாரப்பட்டது. ஆற்றின் அடித்தளம் தாழ்ந்தால், அதனோடு நிலத்தடி நீர்மட்டமும் தாழும். கரையோரக் கிணறுகள் முன்னதாகவே வற்றும். பாலங்களின் அடித்தூண்கள் வெளியே தெரியும். தாங்குவதற்கு அடிமண் இல்லாத கரைகள் மரங்களோடு சரிந்து விழும். கடலை அடுத்த பகுதியிலோ, ஆற்றின் படுகை கடல்மட்டத்துக்கும் கீழே சென்றுவிட்டால் ஓதத்தோடு உப்புநீர் உள்ளே ஏறிவரும்.

இத்தீமைகளை உணர்ந்த கேரள அரசாங்கம் ஆற்றங்கரைப் பாதுகாப்பு, மணல் வாரல் ஒழுங்குமுறை பற்றிய சட்டத்தை 2001ஆம் ஆண்டில் இயற்றியது. ஆண்டுதோறும் ஓர் ஆற்றில் எவ்வளவு மணல் வந்து சேர்கின்றது என்று கணக்கெடுத்து, அதற்கு மேல் எடுக்கலாகாது என்பது அச்சட்டத்தின் அடிக்கருத்து. 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், சுற்றுச்சூழல் அனுமதி பெறாது ஆற்றுமணல் அள்ளுவதை நாடு முழுவதிலும் தடுத்து ஆணையிட்டது. சட்டம் வந்துவிட்டால் வாருவது குறையலாம். போன மணல் திரும்பி வருவதற்கோ பல்லாண்டுகள் ஆகும். ஓர் ஆறு மணல் சேர்க்கும் வேகத்தை மனிதன் விரைவுபடுத்த இயலாது.

மாறிவரும் மழையும் வெப்பமும்

பழைய நாளில் பருவமழையை நம்பி ஆறுகள் ஓர் ஒழுங்கில் இயங்கின. இன்று காற்று வெப்பமடைந்துள்ளது. அரபிக் கடலின் மேற்பரப்பும் வெப்பமடைந்துள்ளது. வெப்பமான காற்று அதிக நீராவியைத் தாங்கும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். சில நாட்களில் பேய்மழை, அதன் பின் நீண்ட இடைவெளி என்னும் முறை பெருகி வருகின்றது. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இக்கடற்கரைகளில் விளைத்த துயரத்தைக் குமரி மாவட்டத்தாரும் திருவனந்தபுரத்தாரும் ஒருநாளும் மறவார். அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கேரளம் முழுவதும் பெருவெள்ளத்தில் ஆழ்ந்தது.

இம்மாறுதல் ஆற்றுப் பிராணிகளை எவ்வாறு தாக்குகின்றது என்பதை இரண்டு உதாரணங்களால் விளக்கலாம்.

நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைக் கொண்டே மீன்கள் சுவாசிக்கின்றன. 20 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள தூய நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். 30 பாகையானால் ஏழரை மில்லிகிராமே ஏற்கும். நீர் சூடேறச் சூடேற மீனுக்கு வேண்டிய பிராணவாயு மிகுதியாகின்றது, கிடைப்பதோ குறைகின்றது. அத்துடன் சாக்கடை நீரும் கலந்தால், அதிலுள்ள கழிவு மட்குவதற்கும் அந்தப் பிராணவாயுவே செலவாகும். கோடையில் ஒரு நாள் காலை மீன்கள் செத்து மிதப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கரைமரத்தின் நிழலும், ஆழ்ந்த கயத்தின் குளிர்ச்சியும் எத்துணை இன்றியமையாதவை என்பது இதனால் விளங்கும்.

மற்றொன்று முதலையைப் பற்றியது. நெய்யாற்றில் வாழ்வது நன்னீர் முதலை. மலையாளத்தார் சீங்கண்ணி என்பர். பெண்முதலை கோடையின் தொடக்கத்தில் கரையில் குழி பறித்துப் பெரும்பாலும் 25 முதல் 30 முட்டைகள் வரை இட்டு மூடிவிடுகின்றது. குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் பிறப்பிலேயே முடிவு செய்யப்படுவதில்லை. குழியின் வெப்பமே அதை முடிவு செய்கின்றது. சென்னைக்கு அருகிலுள்ள முதலைப் பண்ணையில் நடந்த ஆராய்ச்சிகளால் இந்த உண்மை நன்கு புலனாயிற்று. 28 முதல் 31 பாகை வரை வெப்பம் இருந்தால் எல்லாம் பெண்குஞ்சுகளே. 32½ பாகையை ஒட்டி ஆண்குஞ்சுகள் பிறக்கின்றன. ஒன்றரைப் பாகை வேறுபாடு ஓர் இனத்தின் குடும்ப அமைப்பையே மாற்றிவிடும். சில குழிகள் வெயிலிலும், சில நிழலிலும், சில நீருக்கு அருகிலும், சில தொலைவிலும் இருந்தால் இருபாலும் பிறக்கும். கரை முழுவதும் மொட்டையாகி, ஒரே வகை மண்ணாகிவிட்டால் முதலை எங்கே போய் நிழலைத் தேடும்?

நெய்யாறு கற்பித்த பாடம்

முதலையைப் பாதுகாக்க நெய்யாற்றில் ஒரு முயற்சி நடந்தது. அதன் வரலாறு நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

தோலுக்காக வேட்டையாடப்பட்டும், வாழிடம் இழந்தும் இந்தியாவின் முதலையினங்கள் அருகிவந்தன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றின் வேட்டையைத் தடை செய்தது. 1975ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம், ஐக்கிய நாடுகளின் துணையோடு, முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. முட்டைகளைத் திரட்டிப் பொரிக்கவைத்து, குஞ்சுகளைச் சில ஆண்டுகள் வளர்த்து, பின் ஆறுகளில் விடுவது அத்திட்டத்தின் முறை. அவ்வகையில் 1977ஆம் ஆண்டில் நெய்யாற்று அணையருகே முதலை வளர்ப்பு நிலையம் ஒன்று அமைந்தது. வளர்ந்த முதலைகள் பின்னர் நீர்த்தேக்கத்தில் விடப்பட்டன.

முதலைகள் பிழைத்தன. தொல்லை வேறு திசையிலிருந்து வந்தது. நீர்த்தேக்கத்தைச் சுற்றிக் காணிக்காரர் குடியிருப்புகளும் வேறு குடியானவர் வீடுகளும் உள்ளன. குளிக்கவும், துவைக்கவும், மீன் பிடிக்கவும், மாடு குளிப்பாட்டவும் அவர்கள் இறங்குவது அதே நீரில். முதலைகள் மக்களைத் தாக்கின, ஊரார் அஞ்சினர், எதிர்ப்பு எழுந்தது. முதலைகள் சில பிடிக்கப்பட்டு மீண்டும் அடைப்புக்குள் கொண்டுவரப்பட்டன. கேரள வன ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அறிஞர்கள் இந்த முயற்சியை ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரையே வெளியிட்டுள்ளனர்.

இதில் முதலையைக் குறைகூறுவதற்கு ஒன்றுமில்லை. தண்ணீருக்கு இறங்கிய ஏழைத் தாயைக் குறைகூறுவதற்கும் ஒன்றுமில்லை. நீர்த்தேக்கம் என்பது ஆறன்று. அதில் நீர்மட்டம் இயற்கையின் பருவத்துக்கேற்ப அமையாது, மதகைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் ஏற்ப ஏறி இறங்குகின்றது. முட்டையிட்ட குழி திடீரென்று மூழ்கலாம். மனிதர் நடமாட்டமில்லாத கரைப்பகுதிகளும், தாழ்ந்த மணற்கரைகளும், தனித்த கயங்களும் ஒரு பிராணியைத் தன் எல்லைக்குள் அமர்த்திவைக்கும். அவை இல்லாவிடத்தில் பிராணி மனிதரின் துறைக்கே வந்துசேரும்.

ஓர் இனத்தை மீண்டும் குடியமர்த்துவதற்கு இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2013ஆம் ஆண்டில் நெறிமுறைகளை வகுத்துள்ளது. அந்த இனம் எக்காரணத்தால் அழிந்ததோ அக்காரணம் முதலில் நீங்கியிருக்க வேண்டும். வாழிடம் ஆயத்தமாயிருக்க வேண்டும். அங்கு வாழும் மக்களின் நிலையும் கருத்தும் ஆராயப்பட வேண்டும். நெய்யாற்றில் பிராணி முதலில் வந்தது. வாழிடம் பிறகும் வரவில்லை. குளிக்கும் துறைக்கு வேலியிட்ட பாதுகாப்பான படித்துறை, வீட்டுக்குக் குழாய்நீர், அபாய எச்சரிக்கை, இழப்புக்கு உடனடி உதவி ஆகியவையும் வாழிடச் சீரமைப்பின் பகுதிகளே என்று நாம் கொள்ளுதல் வேண்டும். இரவில் குழந்தையை நீர்த்துறைக்கு அனுப்ப அஞ்சும் ஊரில் எந்தப் பாதுகாப்புத் திட்டமும் நிலைக்காது.

பிற இடங்களில் கண்ட பலன்

வடநாட்டில் வாழும் நேயர்களுக்குச் சம்பல் ஆறு பழக்கமானது. நீண்ட மெல்லிய மூக்குடைய கரியால் என்னும் முதலையினம் 1970களில் இந்தியாவில் 200க்கும் குறைவாகவே எஞ்சியிருந்தது. இராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களும் அந்த ஆற்றின் நீண்டதொரு பகுதியை 1970களின் இறுதியில் தொடங்கிச் சரணாலயமாக்கின. அங்கும் குஞ்சுகள் வளர்க்கப்பட்டு விடப்பட்டன. ஆனால் அவற்றை வரவேற்க ஆழ்ந்த நீரும், அகன்ற மணற்கரைகளும் அங்கே இருந்தன. இன்று உலகிலுள்ள கரியால்களுள் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரே ஆற்றில் வாழ்கின்றன. எனினும் 2007ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கரியால்கள் திடீரென்று மடிந்தன. ஓர் இனம் முழுவதும் ஒரே ஆற்றை நம்பி வாழ்வது எத்துணை அபாயகரமானது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. மணல் திருட்டும் நீர் இறைப்பும் அங்கும் ஓய்ந்தபாடில்லை.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கிஸ்ஸிமி என்றோர் ஆறு உள்ளது. வளைந்து வளைந்து 166 கிலோமீட்டர் ஓடிய அந்த ஆற்றை, வெள்ளத் தடுப்புக்கென்று 1962 முதல் 1971 வரை முயன்று 90 கிலோமீட்டர் நீளமுள்ள நேரான கால்வாயாக மாற்றினர். சதுப்பு நிலங்கள் வறண்டன, நீர்ப்பறவைகள் மறைந்தன. பின்னர் அதே நாட்டார், அதே கால்வாயின் ஒரு பகுதியை மண்ணிட்டு மூடி, பழைய வளைவுகளில் நீரைத் திருப்பினர். 1999ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த வேலை 2021ஆம் ஆண்டில்தான் முடிவுற்றது. பறவைகளும் மீன்களும் திரும்பின. கெடுப்பதற்குப் பத்தாண்டுகள் போதுமாயிருந்தன. சீர்ப்படுத்துவதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. பொருட்செலவும் பன்மடங்கு ஆயிற்று.

நம் பொதிகையின் மறுபக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. நெய்யாறு மேற்கே இறங்கும் அதே மலைத்தொகுதியிலிருந்து தாமிரபரணி கிழக்கே இறங்குகின்றது. திருநெல்வேலிச் சீமையில் அந்த ஆற்றையும் அதன் குளங்களையும் சார்ந்த நீர்ப்பறவைகளைத் தன்னார்வத் தொண்டர்கள் 2011ஆம் ஆண்டு முதல் கணக்கெடுத்து வருகின்றனர். ஆசிரியர், மாணவர், உத்தியோகஸ்தர் யாவரும் அதில் சேர்கின்றனர். இன்னது இருக்கின்றது என்று எண்ணிவைத்தவர்க்கே இன்னது குறைகின்றது என்று சொல்ல முடியும். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் உலக வலைப்பின்னலில் சேர்த்துக்கொண்டது. அக்காப்பகம் இரு மாநிலங்களுக்கும் பொதுவானது என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

செய்யத்தக்கவை

நெய்யாற்றில் செய்யத்தக்கவை யாவை? மலையிலிருந்து கடல்வரை வரிசையாகக் காண்போம்.

மலைச்சரிவில் ஓடைகளின் இருமருங்கிலும் உள்ள காட்டைக் காத்தல் முதல் வேலை. கோடை முழுவதும் ஊறிவரும் நீர் அங்கிருந்தே வருகின்றது.

அணையில், ஆற்றுக்கென்று ஒரு பங்கு நீரை ஆண்டு முழுவதும் விடுதல் இரண்டாவது வேலை. அதுவும் ஒரே அளவாய் விடுதல் போதாது. பருவமழையின் தொடக்கத்தில் சற்றுப் பெருக்கியும், முட்டையிடும் காலத்தில் திடீர் ஏற்றம் இல்லாமலும் விடவேண்டும்.

மூன்றாவது வேலை, நெய்யாற்றின்கரைக்கு மேலும் கீழும் கரைகளைப் பச்சை வேலியாக்குதல். கருங்கல் சுவர் எழுப்புவதே கரைப் பாதுகாப்பு என்று பலர் எண்ணுகின்றனர். கல்சுவரில் நீர்நாய்க்குப் பொந்து இல்லை. ஆமைக்கு ஏறுவழியும் இல்லை. தென்னைநாரால் நெய்த விரிப்பைச் சரிவில் பரப்பி, அதனூடே புல்லும் தாழையும் மூங்கிலும் நடுவது கேரளத்தில் பழகிய முறையாகிவிட்டது. சில ஆண்டுகளில் விரிப்பு மட்கி மண்ணாகும். அதற்குள் வேர்கள் கரையைப் பிடித்துக்கொள்ளும். தென்னையும் கயிறும் நிறைந்த இந்தக் கடற்கரையில் அதற்குரிய பொருளுக்கும் தொழிலாளிக்கும் பஞ்சமில்லை. ஓடைகளைத் தூய்மைப்படுத்தக் கேரளத்தில் 2019ஆம் ஆண்டில் தொடங்கிய இயக்கத்தின் பெயர், ‘இனி ஞான் ஒழுகட்டே’ என்பது. நீர் ஓடுவதை ஒழுகுதல் என்று சொல்லும் வழக்கு தமிழுக்கும் உரியதே. ஓடை தன் வாயாலேயே வேண்டிக்கொள்வது போன்ற அப்பெயரை எல்லைக்கு இருபுறத்தாரும் மொழிபெயர்ப்பின்றிப் புரிந்துகொள்வர்.

நான்காவது வேலை பூவாற்றில். அங்கு ஆறு கடலை நேரே தொடுவதில்லை. அலைகள் கொணர்ந்து குவிக்கும் மணற்பொழி ஒன்று இடையில் நிற்கின்றது. வெள்ளக் காலத்தில் அது உடையும்; வேனிலில் அடையும். உடைவதும் அடைவதும் மாறிமாறி நிகழ்வதால் உப்பும் நன்னீரும் கலந்த கழி அங்கே உண்டாகின்றது. கரிமீனும் இறாலும் வளர்வது அந்தக் கலவையிலேதான். கழியோரத்தில் உள்ள கண்டல் மரங்கள் மீன்குஞ்சுகளுக்குத் தொட்டிலாகவும், புயல் வேளையில் கரைக்குத் தடுப்பாகவும் உதவுகின்றன. கடல்மட்டம் உயரும் நாளில் கண்டல் பின்வாங்கி வளர்வதற்கும் நிலம் வேண்டும். விடுதிகளும் சுவர்களும் நீர்விளிம்புவரை வந்துவிட்டால் அது எங்கே பின்வாங்கும்? ஆதலின் கழியோரத்தில் ஒரு பட்டை நிலத்தை வெறுமையாய் விட்டுவைத்தல், மரம் நடுதலைப் போன்றே அவசியமானது.

ஆற்றுக்கு யார் வாதாடுவது?

இறுதியாக, மனவேற்றுமை உள்ள ஒரு விஷயத்தையும் தொடாமல் இருப்பதற்கில்லை. விளவங்கோடு வட்டத்தில் 9,200 ஏக்கர் நிலம் நெய்யாற்று இடதுகரைக் கால்வாயை எதிர்நோக்கியது. 2004ஆம் ஆண்டுக்குப் பின் அக்கால்வாயில் தமிழ்நாட்டுக்கு நீர் வரவில்லை. 2012ஆம் ஆண்டில் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை அணுகிற்று. வழக்கின் நியாயங்களை நீதிமன்றம் ஆராயும். நாம் இங்கே சொல்ல விழைவது வேறு. கேரளத்துக்கு இவ்வளவு, தமிழ்நாட்டுக்கு இவ்வளவு என்று பங்கு பேசும்போது, ஆற்றுக்கு எவ்வளவு என்று கேட்பவர் எவருமில்லை. ஆற்றுக்குரிய பங்கை முதலில் ஒதுக்காவிட்டால், பங்கிட்டுக்கொள்வதற்கு எதிர்காலத்தில் ஒன்றும் மிஞ்சாது. மலைக்காடு அழிந்து, படுகை தாழ்ந்து, உப்பு ஏறிய ஆற்றில் எந்த மாநிலத்துக்கும் விளைச்சல் இல்லை. ஒற்றை ஆற்றைக் காக்க மூன்று மாநிலங்கள் சம்பலில் ஒன்றுசேர முடிந்ததெனில், இரண்டு மாநிலங்கள் இங்கே ஒன்றுசேர்வது அரிதன்று.

அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை உண்டு. ஊரை விட்டு வந்தவர்கள் சம்பாதித்த பொருளில் பெரும்பகுதியைச் செலவிடுவது ஊரில் கட்டும் வீட்டிலேயே. ஆற்றுமணல் லாரி லாரியாகப் போய்ச் சேர்ந்தது அத்தகைய வீடுகளுக்குத்தான். கோடை விடுமுறைக்குப் பத்து நாட்கள் மட்டும் திறக்கும் வீட்டுக்கு மூன்று மாடி வேண்டுமா என்று சிந்தித்துப் பார்க்கலாம். எம்-சாண்ட் என்னும் கல்மணல் இன்று எங்கும் கிடைக்கின்றது. அதுவும் மலையை உடைத்துப் பெறுவதே ஆதலால், அதையும் சிக்கனமாகப் பயன்படுத்தல் நன்று. இடித்த பழைய வீட்டின் ஓட்டையும் மரத்தையும் மீண்டும் பயன்படுத்தலாம். ஆற்றையோ ஓடையையோ ஒட்டிய நிலம் உடையவர்கள், வேலியை நீர்விளிம்பிலிருந்து சற்றே பின்னால் அமைத்து, இடையில் நான்கு புன்னையும் ஒரு மூங்கிற் புதரும் வளர விடலாம். ஊராட்சிக் கூட்டங்களில், கரைக்குக் கல்சுவர் வேண்டும் என்ற கோரிக்கை எழும்போது, பச்சைக்கரையும் பாதுகாப்பான படித்துறையும் வேண்டும் என்று கடிதம் எழுதலாம். ஊரிலிருப்போர் சொல்வதினும், வெளியூரிலிருந்து பணம் அனுப்புவோர் சொல்வதற்குச் சில வேளைகளில் அதிக மதிப்பு உண்டு என்பதை நாம் அறிவோம்.

2021 முதல் 2030 வரையுள்ள பத்தாண்டுகளை, சிதைந்த இயற்கை வாழிடங்களைச் சீரமைக்கும் காலமாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்துள்ளது. அக்காலத்தில் பாதி கழிந்துவிட்டது. நெய்யாற்றின் கரைகளில் மரம் நடுவதற்குத் தென்மேற்குப் பருவத்தின் முதல் மழையே ஏற்ற வேளை. மே மாதத்தில் ஊருக்குச் செல்பவர்கள் திரும்பிவரும் முன்னரே குழி வெட்டி வைத்தல் கூடும்; நடும் வேலையை ஜூன் மாதத்து மழையில் ஊரார் முடித்துவிடுவர்.